சீசனுக்கு மட்டும் எரியும் விளக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தேன். என் பள்ளித் தோழன் தனபாலின் தங்கை புருஷன் இறந்து பதினாறாம் நாள். சாமியானா போட்டு உறவெல்லாம் உட்கார்ந்திருந்தது. தனபாலை மட்டும் காணோம்.

தேடினால்... சவுக்குத் தோப்பு ஓரமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வரலியா?"

"தங்கச்சி வரக் கூடாதுன்னுட்டா."

ஏன் என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

தனபாலுக்கு ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் வேலை. ரூம்களிலிருந்து வரும் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ப்ளாண்ட்டில் ஆபரேட்டர். வடிகட்டித் தெளியவைத்த தண்ணீர் கடைசியாக ஒரு பெரிய குழாய்க்குள் போகும். உள்ளே அல்ட்ரா வயலட் விளக்குகள். மிச்சமிருக்கும் கிருமிகளை அந்த வெளிச்சம் தீர்த்துவிடும். அப்புறம் கால்வாய் வழியாகக் கடலுக்கு.

விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் பார்வைக்கு ஒரே தண்ணீர்தான். அதுதான் வினையே.

அந்த விளக்கை நவம்பரில் போடுவார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் கடலில் குளிக்கிற சீசன். மார்ச் பிறந்ததும் ஆஃப். விளக்கு தேயக் கூடாது, கரண்ட் வீணாகக் கூடாது. இந்த வருஷம் அணைக்கும்போது தனபால் மேனேஜரிடம் கேட்டிருக்கிறான்.

"சார், வெயில் காலத்துலயும் அங்க குளிக்கிறாங்க. வலை போடறாங்க."

"யாரு? கெஸ்ட்டா?"

"எங்க ஜனங்க சார்."

"நான் கெஸ்ட்டைக் கேட்டேன்."

மேனேஜர் கோபப்படவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்.

தனபாலுக்கு மனசு கேட்கவில்லை. சொல்லாமலே சுவிட்சைப் போட்டுவிட்டான். ஒரு வாரம் எரிந்தது. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. அது காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார்கள். அணைத்துவிட்டான்.

தங்கை புருஷனிடம் மட்டும், "மச்சான், கால்வா கடல்ல சேர்ற எடத்துல வலை போடாத" என்றிருக்கிறான்.

"அங்கதான் மடவை மீனு கூட்டமா வருது. ஏன், இன்னா கீது அங்க?"

காரணம் சொல்லியிருக்கலாம். சொன்னால் குப்பமே ரிசார்ட் வாசலில் நிற்கும். யார் சொன்னது என்று விசாரிப்பார்கள். "ஒண்ணுமில்ல, பாறை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

மே மாசம் அந்த மனிதருக்குக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, காய்ச்சலோடேயே கடலுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டைபாய்டு முற்றி, குடலில் ஓட்டை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கண் திறக்கவில்லை.

அந்தத் தண்ணீரால்தானா? டாக்டரைக் கேட்டானாம். "குடிச்ச தண்ணியா இருக்கலாம், சாப்பாடா இருக்கலாம்... எதுன்னு சொல்ல முடியாதுப்பா" என்றிருக்கிறார்.

அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தனபாலால் விட முடியவில்லை. காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவள் அழவில்லையாம்.

"அந்தாளு இன்னா கீதுன்னு கேட்டாரே... அப்ப சொல்லியிருந்தா போயிருப்பாரா?"

"வேலை போயிடும்னு..."

"என் வூட்டுக்கு வராதண்ணா."

சொல்லி முடித்தான். அது உன்னால் இல்லை என்று சொல்லலாமா? டாக்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. நான் மட்டும் உள்ளே போனேன்.

அவனிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. இந்த ஜனவரியில் அதே ரிசார்ட்டில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கி, ஆசை தீரக் கடலில் குளித்துவிட்டு வந்தேன்.

விளக்கு எனக்காக எரிந்திருக்கிறது.