திரையில் ஒரு பொட்டு

கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்கு ஜாய்ஸ்டிக் எடுத்தாயிற்று, மானிட்டர்தான் பாக்கி. கடையில் ஒன்றின் கண்ணாடியைத் தொட்டதும் அதன் மின்னூட்டத்தில் கைமயிர் சிலிர்த்தது.

சின்ன வயதில் தோ பாயோ வட்டாரத்தில் குடியிருந்த வீட்டுக்கு முதல் டிவி வந்த அன்றும் இப்படித்தான் சிலிர்த்தது. அம்மா அதன் திரையின் நட்டநடுவில் காசு அகலத்துக்குச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் இட்டார். மாமா கொடுத்த டிவி கேமில் நானும் அக்காவும் பந்தடிப்போம். பந்து பொட்டுக்குப் பின்னால் போனால் எங்கே வெளியே வரும் என்றே தெரியாது.

“அம்மா, துடைக்கட்டுமா? தோத்துக்கிட்டே இருக்கேன்!”

“கைய வெச்சுப் பாரு! லட்சுமிடா அது.”

“தோத்துட்டு பொட்டு மேல பழி போடாத லா,” என்று அக்கா சிரித்தாள்.

கடைக்காரர் மெல்லிய சட்டமுள்ள மானிட்டரைக் காட்டினார். நான் அகலச் சட்டமுள்ளதைக் கேட்டு வாங்கினேன். இந்த முறை பொட்டைச் சட்டத்தில் வைக்க அம்மா சம்மதித்திருக்கிறார். அவருக்கு இடம் வேண்டுமே.