மரித்தோர் அட்டையில் என் பெயர்

அந்த அட்டை சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. முதற்பெயர் என்ற கட்டத்தில் என் பெயர். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என் மகனுடைய பெயர். பிறந்த திகதி மகனுடையது. இறந்த திகதி இருக்க வேண்டிய இடத்தில் திகதி இல்லை, 'இறந்தவர்' என்ற ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழ் வரப்போகும் சனிக்கிழமை, காலை பத்து மணி.

மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் முதலில் என் பெயர்தான் இருந்தது.

எப்படி நடந்தது என்பது உடனே விளங்கிவிட்டது. நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதி, பிள்ளையின் பெயரைப் பின்னால் எழுதுகிறவர்கள். இந்த நாட்டுப் படிவங்களில் அது தலைகீழாகிவிடும். சிட்னிக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் வைத்தியசாலையில் என் தகப்பனின் பெயரைச் சொல்லிப் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் செத்து நாற்பது வருடம். ஒவ்வொரு தடவையும் நான்தான் எழுந்து போனேன். ஆனால் அதெல்லாம் உயிரோடிருப்பவர்களின் வரிசை. இது மரித்தவர்களின் வரிசை.

அட்டையைக் கொண்டுவந்தவர்கள் மோர்மன் என்ற அமெரிக்கச் சபையின் இரண்டு ஊழியக்காரப் பெண்கள். ஒருத்தி அமெரிக்கப் பிள்ளை, மற்றவள் தொங்காத் தீவுக்காரி. வென்ட்வேத்வில்லில் எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வாசல்கள். அவர்கள் எல்லா மணியையும் அடித்தார்கள், திறந்தது எங்களுடையது மட்டும். முதல் நாள் என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். தேத்தண்ணியும் கோப்பியும் அவர்களுடைய தீர்க்கதரிசியின் கட்டளைப்படி விலக்கு என்றார்கள். அவள் கோபிக்காமல் மைலோ கரைத்தாள். அவள் மனம் அவர்கள் பக்கம் சாய்வதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்காததற்குக் காரணம், நான் வாதாடிக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ்ச் சபையில் இரண்டு குடும்பங்கள் மோர்மன் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தன. போதகர் என்னிடம் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதச் சொன்னார். நான் ஊரில் குடிசனக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவன், எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டேன். இருபத்தேழு பிழைகள் எண்ணினேன். அவர்களுடைய முதல் தீர்க்கதரிசி, இன்ன ஊரில் இந்தத் தலைமுறைக்குள் ஆலயம் எழும்பும் என்றார். தலைமுறை போய்விட்டது, ஆலயம் எழும்பவில்லை. சொன்னது நடக்காவிட்டால் அந்த வாக்கு கர்த்தருடையது அல்ல என்பது வேதத்தின் அளவுகோல். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒருவன் பல பெண்களைக் கட்டலாம் என்பது தேவனுடைய கட்டளை என்றார்கள், பிறகு வந்த தீர்க்கதரிசி அதை நிறுத்தினார். கறுப்பினத்தவர்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்றார்கள், பிறகு உண்டு என்றார்கள். தேவன் ஒருகாலத்தில் எங்களைப்போல ஒரு மனிதன், நாங்களும் ஒருநாள் தேவர்களாகலாம் என்று போதித்தார்கள். இவை ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளைகளின் முன் வைத்தேன். அமெரிக்கப் பிள்ளை புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். தொங்காப் பிள்ளை எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். அங்கே என் மனைவியோடு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பாள்.

என் பட்டியலில் இருபத்தேழாவது, மரித்தவர்களுக்கான ஞானஸ்நானம். செத்துப்போன ஒருவனுக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒரு பொடியன் வெள்ளை உடுப்போடு தண்ணீரில் இறங்குவான். செத்தவனின் முழுப்பெயரைச் சொல்லி அவனை முழுக்கி எடுப்பார்கள். மறுமையில் அந்த ஆத்துமா அதை ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம். அதன் கீழ் நான் எழுதியிருந்த வரி: சாவுக்குப் பிறகு இரண்டாம் தவணை கிடையாது.

என் மகன் போரின் கடைசி நாட்களில் வன்னியில் காணாமல் போய்ப் பதினாறு வருடம். அவன் சபைக்கு வர மறுத்தவன், ஞானஸ்நானம் எடுக்காதவன். உடல் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது என் மனைவி அந்தக் கந்தோர்ப் படியே ஏறவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து அவனுடைய இரட்சிப்புக்காக ஜெபிக்கிறேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வருகிறேன், ஐயாயிரத்து எண்ணூறைத் தாண்டிவிட்டது. எங்கள் சபையில் மரித்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவன் உயிரோடிருந்தால்தான் என் ஜெபம் ஜெபம். அவன் செத்தவன் என்று எங்காவது எழுதினால் அன்றோடு கொப்பியை மூடிவிட வேண்டும்.

இப்போது எழுதியாகிவிட்டது. குசினியில் நின்ற மனைவியைக் கூப்பிட்டேன்.

"நீர்தான் பேரைக் குடுத்தனீரோ?"

"ஓம்."

"அவன் செத்திட்டானெண்டு ஆர் சொன்னது உமக்கு?"

"நான் திகதி எழுதேல்ல. அதுகள்தான் அந்தச் சொல்லைப் போட்டுதுகள். இஞ்சருங்கோ, சத்தம் போடாதேங்கோ, மேல்வீட்டுக்குக் கேக்கும்."

"மேல்வீட்டில ஆக்களில்லை. ரெண்டு மாசமாப் பூட்டிக் கிடக்கு."

"அப்ப தண்ணி ஓடுறது ஆர்?"

காதைக் கொடுத்துக் கேட்டேன். குளியலறைச் சுவருக்குள் போகும் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டி நிரம்புவதற்கு வேண்டிய நேரம் ஓடி, நின்றது.

"அந்தப் போதனை முழுப் பொய்," என்றேன்.

"பொய்யெண்டால் உங்களுக்கென்ன பயம்? ஆரோ ஒரு பொடியன் தண்ணியில தாண்டு எழும்பப் போறான், அவ்வளவுதானே." அவள் அட்டையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "இருபத்தேழு பிழை கண்டுபிடிச்சனீங்கள். என்ர பிள்ளை எங்கை கிடக்கிறானெண்டு கண்டுபிடிச்சனீங்களோ?"

அவள் அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் குழாயில் தண்ணீர் காலை பத்து மணிக்கே ஓடியது. மேல்வீட்டு வாசலுக்குப் பதினேழு படி ஏறிப் போய்த் தட்டினேன். வீட்டு ஏஜன்ற் தொங்கவிட்ட சாவிப்பெட்டி அப்படியே இருந்தது, வாசலில் கிடந்த விளம்பரத் தாள்களை ஒருவரும் எடுக்கவில்லை. காதைக் கதவில் வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. திரும்பிப் படியிறங்கும்போது யாரோ என் பெயரைச் சொன்னதுபோலிருந்தது. என் பெயரும், அதை அடுத்து அவன் பெயரும், ஒரே மூச்சில். எங்களை அப்படிச் சேர்த்துக் கூப்பிட்டவர் அவனுடைய பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு வாசித்த வாத்தியார் ஒருவர்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதினேழு படியையும் எண்ணித்தான் இறங்கினேன், ஆனால் கீழே வந்தபோது கணக்கு பதினெட்டாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பஸ் எடுத்து அந்தப் பெண்களின் கூட்ட மண்டபத்துக்குப் போனேன். சட்டைப்பையில் துண்டுப்பிரசுரம் இருந்தது. தொங்காப் பிள்ளை ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். பெயரை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"அன்ரி சம்மதம் தந்தவர், அங்கிள்," என்றாள் ஆங்கிலத்தில்.

"இறந்தவர் என்று அவர் எழுதவில்லை."

அவள் டாப்லெட்டைத் திறந்து பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "படிவத்தின் பட்டியலில் தானாக விழுந்த சொல். நான் பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் உங்களிடம் கேட்க வேண்டும், அங்கிள். இவர் இறந்துவிட்டாரா?"

பதினாறு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. இராணுவம் கேட்கவில்லை, காணாமல் போனோர் ஆணைக்குழு கேட்கவில்லை, போதகரும் கேட்கவில்லை. உயிரோடிருக்கிறான் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆலயம் எழும்பும் என்று சொன்னவரின் ஞாபகம் வந்தது. தெரியாததைத் தெரியும் என்று கர்த்தரின் பெயரால் சொன்னதுதான் என் பட்டியலின் முதல் பிழை.

"தெரியாது," என்றேன்.

அவள் திரையில் விரலை வைத்தாள். "உறுதியில்லாத பெயரை நாங்கள் வைத்திருக்கக் கூடாது." ஒரு தட்டல். பெயர் போய்விட்டது, இரண்டு பெயருமே. பிறகு, "நான் அவருக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டாள். அவர்களோடு சேர்ந்து ஜெபிக்கக் கூடாது என்று எழுதியவன் நான்தான். "ஜெபியும் பிள்ளை," என்றேன். "ஆனால் உயிரோடிருக்கிறவனுக்காக ஜெபிப்பதுபோல." துண்டுப்பிரசுரத்தை வெளியில் எடுக்காமலே வந்துவிட்டேன். அதில் ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. இருபத்தேழும் பிழைதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மனைவி குளியலறை வாசலில் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இருநூறு வரை எண்ணினேன். குழாயில் ஒரு சத்தமுமில்லை. அந்த மௌனம் தண்ணீர்ச் சத்தத்தைவிட எனக்குப் பயமாயிருந்தது. யாரோ தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

"பேரை எடுத்துப்போட்டீங்கள், என்ன?"

"ஓம்."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"தெரியாதெண்டு."

அவள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள், குழாய் போகும் இடத்தில். பிறகு குசினிக்குப் போய் அட்டையைக் கழற்றி, வேதாகமத்துக்குள் வைக்காமல், குப்பையிலும் போடாமல், என் ஜெபக் கொப்பிக்குள் வைத்தாள்.

"அப்ப நாளைக்கும் ஐஞ்சரைக்கு எழும்புவீங்கள்."

"ஓம்."

"என்னையும் எழுப்புங்கோ."