ஆண் எலி வாடை

காலையிலேயே எலியக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். பின்னே என்ன? ஆராய்ச்சிக்கூடத்துச் சுண்டெலிகளுக்குத் தீனி, தண்ணீர் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்து ஊரே எலியக்கா என்கிறது. அவளிடம் போய், "அக்கா, சரியா தீனி போடுறீங்களா?" என்று கேட்டால் எரியாதா?

கேட்டவள் ஆராய்ச்சிக்காரப் பெண். பெண் எலிகளுக்குச் சினைமுட்டை வெளிவரும் முன் ஈஸ்ட்ரோஜன் ஏறும். கூடவே மூளை நரம்புகளை வளர்க்கிற ஒரு புரதமும் ஏறுகிறதா, இரண்டும் கைகோத்துத்தான் முட்டையை வெளியேற்றுகின்றனவா என்பது அவள் ஆராய்ச்சி. இப்போதோ ஒரு எலிக்கும் சினைச் சுழற்சியே வரவில்லை. இந்த மாதத்துக்குள் வராவிட்டால் அறையை மூடிவிடுவதாகப் பெரிய புரொபசர் சொல்லிவிட்டார். மூடினால் எலியக்காவுக்கும் வேலை போச்சு.

"தீனியில குறை சொல்லாதம்மா. நான் பெத்ததுங்களுக்கே இப்படி நேரத்துக்குப் போட்டதில்ல."

விளக்கு, தண்ணீர், அறையின் சூடு எல்லாம் பார்த்தாகிவிட்டது. திடீரென்று அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஆண் எலிக் கூண்டெல்லாம் எங்கக்கா?"

"கடைசி ரூமுக்கு மாத்திட்டேன். நாத்தம் குடலைப் புடுங்குச்சு. மருந்து ஊத்திக் கழுவி விட்டேன், பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு!"

அந்தப் பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அக்கா! பொட்டை எலிங்க மட்டும் கூட்டமா இருந்தா சுழற்சி நின்னுடும். ஆண் வாடை மூக்கு வழியா மூளைக்குப் போகணும். மூளை சொன்னாத்தான் சினைப்பை வேலை செய்யும்."

"நல்லா இருக்கே நியாயம்! வீட்டுல ஒரு ஆம்பளை வாடையைச் சகிச்சுட்டு வந்தா, இங்கயுமா?" என்று சீறினாலும் எலியக்காவுக்குப் புரிந்துவிட்டது. தப்பு தன்னுடையதுதான். சுத்தம் சோறு போடும் என்பார்கள். இவள் சுத்தம் இருந்த சோற்றிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது.

ஆண் எலிகள் மூத்திரத்தால் நனைத்த மரத்தூளை அள்ளிவந்து பெண் எலிகளின் கூண்டுகளில் போட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆண் வர்க்கத்தையே திட்டிக்கொண்டு போட்டாள். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்த அந்தப் பெண் கத்தினாள்: "வந்துடுச்சுக்கா! முக்கால்வாசி எலிக்கு வந்துடுச்சு!"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சுழற்சி வந்த எலிங்க கூண்டுங்களை இன்னைக்கே கொண்டு வந்துடுங்கக்கா. புரதம் எவ்வளவுன்னு பார்க்க மூளையை எடுக்கணும்."

எலியக்காவுக்குத் தெரியாததா என்ன? வருஷக்கணக்காக அவள் கையால் தூக்கிக் கொடுத்தவைதானே. வேலை நிலைத்துவிட்டது, சந்தோஷம்தான் பட வேண்டும். ஆனால் கூண்டைத் தூக்கியதும், உள்ளே மீசையை ஆட்டிக்கொண்டு அவள் விரலை மோந்து பார்த்தவற்றைக் கண்டு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அறிவுகெட்டதுங்களா," என்றாள். "வாடை பட்ட உடனே இப்படியா அவசரப்படுவீங்க?"