பட்டியலில் இல்லாத சௌகத் மாமு

பேகம்பூர் தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பன்னிரண்டு வருடமாகக் கட்டி மேய்ப்பவள் ஃபர்ஹீன். ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்ட வாரம், கம்ப்யூட்டரில் யார் யார் பெயர் எந்தக் குழுவில் இருக்கிறது என்று பார்க்கப் பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதி ஓட்டினாள். 'சரக்கு' குழுவில் ஆறு பெயர் வந்தது. முதல் நாளிலிருந்தே அதில் இருக்கும் சரக்குப் பிரிவு சௌகத் அலியைக் காணோம்.

பின்னால் நின்று பார்த்த அவர் முகம் சுருங்கியது. "சொல்லாமலே கழட்டி விட்டுட்டீகளாக்கும்!"

"செத்த பொறுங்க மாமு." ஒவ்வொருவருக்கும் சொந்தக் குழு எது என்றும் தேட இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். 'சரக்கு' குழுவில் முதல் ஆளாக அவர் பெயர் வந்தது.

"பிற்பாடு சேர்த்த ஆளுகளத்தான் அந்தப் பட்டியல் காட்டும். உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பேரு ஏத்தினப்பவே போட்ட சொந்தக் குழு அதுதான். வீட்டாளுக்கு யாராச்சும் கல்யாணப் பத்திரிகை வைப்பாகளா?"

"அதுவும் சரிதான்" என்றவர் நகரவில்லை. "இருந்தாலும் அந்த ரெண்டு வரிய அழிச்சிராதம்மா."