மை காயும்வரை

முத்தாபுதுப்பேட்டைப் பள்ளிக்கூட வாக்குச்சாவடிக்கு ஏழு படிகள். எங்கள் ஊனமுற்றோர் சங்கம் கேட்ட சாய்வுப் பாதையைப் போடவில்லை. அதனால் எத்தனை பேர் ஓட்டுப் போடாமல் போகிறார்கள் என்று ஆராய்ச்சிக்காகப் படிகளுக்குக் கீழே உட்கார்ந்து கணக்கெடுக்கிறேன். நடக்க முடியாத தனம் அக்காவைக் காலையிலேயே 'வரமாட்டார்' பட்டியலில் எழுதிவிட்டேன்.

அவரோ ஓட்டுப் போட்டுவிட்டு, கைகளை ஊன்றிப் படியிறங்குகிறார். இடது ஆள்காட்டி விரல் மட்டும் தரையில் படாமல் நிமிர்ந்திருக்கிறது.

"தூக்கட்டுமாக்கா?"

"நான் இன்னா அரிசி மூட்டையா?"

"விரல்ல என்னக்கா?"

"மை காயலம்மா. அழிஞ்சிட்சின்னா, நானே படியேறி ஓட்டு போட்டேன்னு தெருவுல என்ன மாதிரி கீறவங்க நம்புவாங்களா? நாலு பேர இட்டாரணும்."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படி ஏறியவள் என்று பெருமைப்படுகிறவள் நான். இப்போது எழுந்து நிற்கிறேன். அக்கா தன் மூன்று சக்கர வண்டியில் ஏறிக் கைப்பிடியைச் சுற்றும்போதும் அந்த விரல் மடங்கவே இல்லை.