இல்லாத காட்டேஜுக்கு அட்வான்ஸ்

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் சம்பளமில்லாத இன்னொரு வேலை உண்டு. குற்றாலத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ரூம் பிடித்துக் கொடுப்பது. "சாரல் ஆரம்பிச்சாச்சா?" என்று போன் வந்தால், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று நாமே கேட்டுவிட வேண்டும். இந்தச் சீசனில் எனக்கு வந்த போன் அப்படித் தட்டிக் கழிக்கக் கூடியதல்ல. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டார், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஒன்பது பேர் வருகிறார்கள். வருவது சனிக்கிழமை. போன் வந்தது வியாழக்கிழமை.

தெரிந்த லாட்ஜ்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். சீசன் காய்ச்சல் நேரத்தில் லீவு போட்டுவிட்டு ரூம் தேடி அலைய முடியாது. மதியம் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் தேடினேன். ஐந்தருவிப் பாதையில் ஒரு காட்டேஜ் கிடைத்தது. நான்கு அறைகள், பின்னால் மேகம் இறங்கிய மலை. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய் நின்றுவிடக்கூடிய இடத்தைப் படத்தில் பார்த்து நம்பினேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதில் இருந்த நம்பருக்குப் பேசினேன். எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் எதைக் கேட்பார்களோ அதைத்தான் கேட்டேன். "தண்ணி விழுதா?"

"நல்லா விழுது அக்கா. இப்பத்தான் ஐந்தருவியில குளிச்சிட்டு வாரேன்."

அன்று காலையிலிருந்து அருவிகளில் வெள்ளம். ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மருந்து வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வியாபாரத்துக்காக ஒரு பொய் சொல்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ரூம் வேண்டியிருந்தது.

இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் என்று ஒரு லிங்க் அனுப்பினான். கார்டு நம்பரைப் போட்டேன். பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் போட்டேன். ஓ.டி.பி. வந்தது. ஆறு எண்ணை மட்டும் பார்த்து அடித்தேன். அதே மெசேஜில் எங்கோ இருக்கும் ஒரு கடையின் பெயரும், நாற்பத்தெட்டாயிரம் என்ற தொகையும் தெளிவாக இருந்தன. டாக்டர் கிறுக்கிய சீட்டில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் படிக்கிறவள் நான். இருபத்தாறு வருடத்தில் ஒருவருக்கும் மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. என் சொந்த மெசேஜில் ஒரு வரியைப் படிக்கவில்லை.

நாற்பத்தெட்டாயிரம் போய்விட்டது என்று அடுத்த மெசேஜ் வந்தது. வங்கியின் செயலியில் கார்டை முடக்கினேன். சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். புகார் எண்ணை என் கையிலேயே எழுதிக்கொண்டேன். பத்து நிமிடத்துக்குள் இவ்வளவும் செய்துவிட்டு, மறுபடியும் மருந்து ஜன்னலைத் திறந்து மாத்திரை கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். அடுத்த வீடுதான். காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். என் கணவர் இறந்ததிலிருந்து, கேட்காமலே என் வீட்டுக்கும் பொறுப்பு எடுத்துக்கொண்டவர். நடந்ததைச் சொன்னேன்.

"ஏட்டி, இதை வெளிய சொல்லிராத. மானம் போயிரும். சம்பந்தி காதுல விழவே கூடாது. புதுக் கார்டு வந்தா எங்கிட்ட கொடு. என்னத்த வாங்கணும்னாலும் நான் போட்டுத் தாரேன்."

பணம் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அந்தக் கார்டு என் சம்பளத்துக்கு, என் பெயரில் வந்தது. முன்பெல்லாம் ஒரு மிக்ஸி வாங்கக்கூடக் கணவரிடம் கேட்டேன். பிறகு அண்ணனிடம் கேட்டேன். கார்டு வந்த பிறகுதான் கேட்பதை நிறுத்தினேன். திருடன் எடுத்தது பணத்தை. இவர் எடுக்கப் பார்த்தது அதைவிடப் பெரியது.

"தர மாட்டேன் அண்ணே. எல்லார்ட்டயும் சொல்லவும் செய்வேன்," என்றேன். முகம் கொடுக்காமல் எழுந்து போனார்.

சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் ஒன்பது பேரும் என் வீட்டுக் கூடத்தில்தான் படுத்தார்கள். வந்த முதல் மணி நேரத்திலேயே நடந்ததைச் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காகவா இவ்வளவு பாடுபட்டீங்க?" என்றார். மானம் எங்கேயும் போகவில்லை. மறுநாள், வெள்ளம் வடிந்த பழைய குற்றால அருவியில் ஈரத்தலையோடு என்னைவிட அதிகமாகக் குதூகலத்தில் கத்தியது அவர்தான்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். "ஓ.டி.பி. நீங்கதானே போட்டீங்க மேடம்?" என்றார் அங்கிருந்தவர். "போட்டேன். மறைக்கலை. பத்து நிமிஷத்துல சொன்னதையும் சேர்த்து எழுதிக்கிடுங்க," என்று மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் நகரவில்லை. பணம் இன்றைக்குவரை திரும்பவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.

மருந்து ஜன்னலிலும் வாய் சும்மா இருக்கவில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "ஓ.டி.பி. வந்தா மெசேஜை முழுசாப் படிங்க, ரூபாய் எவ்வளவுன்னு பாருங்க," என்றும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அச்சன்புதூரிலிருந்து வந்த ஒரு விவசாயி தன் செல்போனை நீட்டி, "இது உண்மையான்னு பாரும்மா," என்று கேட்டார். பொய்தான். அவர் பணம் தப்பித்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் இப்படி ஊரெல்லாம் சொல்வது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஒருநாள் மதினி மட்டும் மாவுப் பாத்திரத்தோடு வந்து, நடந்ததை முதலிலிருந்து கேட்டார். அந்த ஆள் ஐந்தருவியில் குளித்துவிட்டு வருவதாகச் சொன்ன இடத்தில் அவர் முகம் மாறியது.

"போன வருசம் உங்க அண்ணாச்சிட்டயும் இதைத்தான் சொன்னான். கூட வேலை பாத்தவங்க வாராங்கன்னு பன்னெண்டாயிரம் கட்டுனாவ. இதே காட்டேஜ், இதே படம். யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாவ."

நான் மாவுப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டார். நான் கத்தவில்லை. "போன வருஷத்து மெசேஜ் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். இருந்தது. அழிக்கவில்லை.

இதற்குள் புதுக் கார்டு வந்திருந்தது. ஆன்லைனில் செல்லாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். ஏதாவது வாங்கும்போது மட்டும் திறந்து, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிடுகிறேன். அது என் கைப்பையில்தான் இருக்கிறது. அண்ணன் மறுபடி கேட்கவில்லை.

அண்ணனின் மெசேஜைப் பார்த்த மறுநாள் இருவரும் சைபர் குற்றப் பிரிவுக்குப் போனோம். ஊராரின் புகாரையெல்லாம் முப்பது வருடம் எழுதி வாங்கியவர், மேசையின் இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்த பெண் போலீஸ் இரண்டு மெசேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், நீங்க டிபார்ட்மென்ட்ல இருந்தவங்க. ஒரு வருஷமா ஏன் புகார் கொடுக்கலை?"

அண்ணன் என்னைப் பார்த்தார். காப்பாற்று என்று கேட்கிற பார்வை. எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"வெக்கமா இருந்துதாம்மா. அவுக வெக்கத்துக்கு நான் நாப்பத்தெட்டாயிரம் கட்டியிருக்கேன். அதையும் சேர்த்து எழுதுங்க."