நீலத் தொட்டியில் கிடந்த தாள்

வோபர்னில் எங்கள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்தவர் மும்பைக்காரர். இந்திப் படங்களுக்குப் பாட்டெழுதுவதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. சினிமாவுக்குப் பாட்டெழுதுகிறவருக்கு எங்கள் பேஸ்மென்ரில் என்ன வேலை? பகல் முழுக்க மேசையில் தட்டும் சத்தம் வேறு.

ஒருநாள் மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் அவர் எறிந்திருந்த தாளொன்றை எடுத்துக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். மிசிசாகாவில் கணவரோடு வேலை செய்யும் ஒருவருக்கு இந்தி வாசிக்கத் தெரியும்.

பின்னேரம் கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். "'சப்பாத்தி நல்லம், சப்பாத்தி நல்லம், பஸ் இன்னும் வரேல்லை.' உதுதான் எழுதியிருக்காம்."

"நான் அப்பவே சொன்னனான். உவர் எங்களைப் பேய்க்காட்டுறார்," என்றேன்.

தாளோடு கீழே இறங்கி, "இதுதான் சினிமாப் பாட்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கைபேசியில் சொற்களே இல்லாத ஒரு மெட்டைப் போட்டார். மேசையில் தட்டியபடி சப்பாத்தியையும் பஸ்ஸையும் அதன்மேல் பாடினார். இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

"எங்களுக்கு முதலில் மெட்டுத்தான் வரும். வாய்க்கு வந்த சொற்களைப் போட்டு அளவெடுத்துக்கொள்வேன். பிறகுதான் பாட்டு," என்றார்.

பிறகு தாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இதை நான் குப்பையில் அல்லவா போட்டேன்?"

தாளை அவருடைய மேசையில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்தேன்.

அதன் பிறகும் ஒரு வருடம் இருந்தார். காணும்போதெல்லாம் முன்போலவே சிரித்தார். ஆனால் தொட்டியில் அவருடைய தாள்கள் சுக்குநூறாகக் கிழிந்தே கிடந்தன. அது எனக்குத் தெரிந்ததே, நான் திரும்பவும் எட்டிப் பார்த்ததால்தான்.